பதினேழாம் குழாயில் பத்து உயிர்கள்

1

வெள்ளிக்கிழமை பகல் எங்கள் ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். வெள்ளை கிரீம் பூசி, அதன் மேல் சாக்லேட்டால் ஒரு மரம் வரைந்திருந்தது. இடப்பக்கம் ஒரு பெரிய கிளை, வலப்பக்கம் ஒரு பெரிய கிளை, நடுவில் தனியாக ஒரு சின்னக் கிளை. அதன் நுனியில் 17 என்று எழுதியிருந்தார்கள். "நடுக்கிளைத் துண்டு செல்விக்கு" என்றார் எங்கள் பேராசிரியை தூருன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினேன். தட்டில் 17 இருந்த பக்கத்தை மட்டும் கடைசிவரை நான் தொடவில்லை.

மலையகத்தில், பதுளையிலும் நமுனுகுலயிலும் இருந்து இந்தக் குறிப்புகளை வாசிக்கிற உங்களுக்கு, நான் நோர்வேயில் என்ன வேலை பார்க்கிறேன் என்று இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. ஊருக்கு வரும்போது யாராவது கேட்டால் "லேப்ல வேலை" என்று முடித்துவிடுவேன். போன முறை எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர் ஒருவர் தன்னுடைய சீனி வியாதி ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அதையும் வாங்கிப் பார்த்து, குறைத்துச் சாப்பிடச் சொல்லித்தான் அனுப்பினேன்.

நான் பார்ப்பது இரத்தம் இல்லை. கடலில் மிதக்கிற, ஒரே செல்லால் ஆன உயிர்கள். ஒரு மணல் அளவுதான் இருக்கும். அந்த அளவிலும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்ளும். ஃபோராமினிஃபெரா என்று பெயர்; வாயில் நுழையாவிட்டால் ஓட்டுயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான வருடங்களாக இவை செத்துச் செத்துக் கடலடியில் படிந்திருக்கின்றன. முன்பெல்லாம் ஓட்டின் வடிவத்தைப் பார்த்து இது இன்ன இனம் என்று பிரித்தார்கள். இப்போது மரபணுவைப் படிக்கிறார்கள். படித்தால், ஓடு அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கிற இரண்டு, எப்போதோ பிரிந்து போன இரண்டு வம்சங்களாக இருக்கின்றன. யார் யாரிடமிருந்து எப்போது பிரிந்தார்கள் என்று மரம் வரைவதுதான் எங்கள் வேலை.

அதில் என் பங்கு பொறுக்குவது. நுண்ணோக்கியின் கீழே கிண்ணத்தை வைத்து, மூன்று நான்கு முடி மட்டும் உள்ள தூரிகையை நனைத்து, ஓடு உடையாமல் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். எடுத்ததைப் படம் பிடிக்க வேண்டும். ஒன்றில் இருக்கிற மரபணு நாங்கள் செய்யும் வேலைக்குப் போதாது என்பதால், ஒரே இடத்தில் கிடைத்த, ஒரே வகையான பத்தை ஒரு குழாயில் போட வேண்டும். என்னை வேலைக்கு எடுத்ததே இந்தக் கைக்காகத்தான். "இந்தக் கை எங்கே பழகியது?" என்று தூருன் முதல் வாரத்திலேயே கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் என்றேன். பாதி பொய். பள்ளி விடுமுறையில் மட்டும்தான் கொழுந்து பறித்திருக்கிறேன்.

இனி அந்தப் பதினேழாம் குழாய். எங்கள் குழாய்களில் பாதி வடக்கே குளிர்க்கடலில் இருந்து வந்தவை, பாதி தெற்கே வெதுவெதுப்பான கடலில் இருந்து வந்தவை. மரம் வரைந்தால் அவை இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிந்தன. பதினேழு மட்டும் இரண்டிலும் சேராமல் நடுவில் நின்றது. இரண்டுக்கும் இடையில் விட்டுப்போன வம்சம் இது என்றார் தூருன். பல வருடங்களாக அவர் தேடியது அதைத்தான். அடுத்த வியாழக்கிழமை வெளிநாட்டில் ஒரு பெரிய கூட்டத்தில் அதை அறிவிக்கப் போகிறார்.

அந்தக் குழாயில் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2

எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு மடுவம் என்று பெயர் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று உண்டு. நிறைந்தால் முழுப்பேர், முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். பள்ளி விட்டதும் நான் தேத்தண்ணிப் போத்தலோடு மடுவத்துக்குப் போகும் பாதையில் நிற்பேன். அம்மாவும் சின்னம்மாவும் முன்னும் பின்னுமாக இறங்கி வருவார்கள். சின்னம்மா மாரியாயி அம்மாவின் தங்கை. இரண்டு பேருக்கும் மலையில் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரை. வளைவு திரும்புகிற இடத்தில் அம்மா தன்னுடைய சாக்கில் கையை விட்டு, இரண்டு கை, மூன்று கை அள்ளிச் சின்னம்மா சாக்கில் போடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். தராசில் வைக்கும்போது இரண்டும் சரியாக இருக்கும்.

அம்மா மட்டும் அல்ல, எல்லாப் பெண்களும் ஒருத்திக்கு ஒருத்தி இப்படிப் போட்டுக்கொள்வார்கள். கங்காணி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி வெற்றிலை மெல்லுவார். அதைவிட அழகான ஒரு காரியத்தை அந்தத் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை. எதைக் கண்டாலும் எண்ணிக்கொண்டே இருப்பேன் என்பதால் சின்னம்மா என்னை "கணக்கப்புள்ள" என்றுதான் கூப்பிடுவாள். "இன்னைக்கு எத்தன கைங்க, கணக்கப்புள்ள?" என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளுவாள். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது பதுளை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். திடீரென்று போய்விட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

போன மார்ச் மாதம் பதினேழாம் குழாய்க்காக நான் பொறுக்கியபோது, வடக்குக் கிண்ணத்தில் உடையாமல் இருந்தவை ஆறுதான். மாதிரிகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். பக்கத்தில் பதினெட்டாம் குழாய்க்கான தெற்குக் கிண்ணம் திறந்திருந்தது. அதில் அதே ஓடு, அதே சுழி, அதே அளவு. வேண்டிய அளவுக்குக் கிடந்தது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போனது. நாலை எடுத்து, படம்கூடப் பிடிக்காமல் பதினேழில் போட்டுவிட்டு, பதிவேட்டில் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 10 என்று எழுதினேன்.

நல்லது செய்த திருப்தி கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

3

என் கணவர் சிவா கப்பலில் சமையற்காரர். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. அந்த வாரம் அவர் கடலில் இருந்தார். சனிக்கிழமை காலையில் மகள் கயலைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போனேன். ஒருவேளை நான் பயப்படுகிற மாதிரி இல்லாமலும் இருக்கலாம் என்று வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. இங்கே மழை இல்லாத நாளைப் பற்றித்தான் ஆட்கள் பேசுவார்கள்.

முதலில் படங்களைத் திறந்தேன். பதினேழின் கோப்பில் ஆறு படம். பிறகு கணினியில் பதினேழின் மூலத் தரவைத் திறந்தேன். மரபணு என்பது நான்கே எழுத்துகளில் எழுதின நீண்ட வரி. ஒரே வம்சத்து உயிர்கள் என்றால், ஒரு மரபணுவைப் பத்திலும் படித்தால் கிட்டத்தட்ட ஒரே வரி வர வேண்டும். பதினேழில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு வரி வந்தது. எவ்வளவு இந்த வரி, எவ்வளவு அந்த வரி என்று எண்ணிப் பார்த்தேன். முதல் மரபணுவில் ஏறக்குறைய ஆறுக்கு நாலு. அடுத்ததிலும் ஆறுக்கு நாலு. பதினைந்தாவது மரபணுவோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

விஷயம் இதுதான். வரிகளைக் கோக்கிற கணினி நிரல், இங்கே வடக்கின் வரியையும் அங்கே தெற்கின் வரியையும் எடுத்து, எந்தக் கடலிலும் வாழாத ஒரு உயிரைத் தைத்து வைத்திருந்தது. இரண்டிலும் இருந்து கொஞ்சம் கொஞ்சம் கலந்தது என்பதால் அது மரத்தில் நடுவில் போய் உட்கார்ந்தது. கலப்பு இருக்கிறதா என்று தூருன் சோதிக்காமல் இல்லை. அந்தச் சோதனை பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கும், மனிதனைக் கண்டுபிடிக்கும். ஒரே ஓடு போட்ட சொந்தக்காரனைக் கண்டுபிடிக்காது.

என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. எங்கள் மூன்று பேருடைய வதிவிட அனுமதியும் அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்குகிறது. எட்டு வருடம் இருந்தும் நிரந்தர அனுமதி இல்லை. அதற்கு இடைவெளி இல்லாத வருடங்கள் வேண்டும், என்னுடைய வருடங்கள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இடைவெளி விழுந்தவை. ஒவ்வொரு முறையும் குடிவரவு அலுவலகத்தில் அதே படிவம், அதே கட்டங்கள், அதே பெண் அதே புன்னகையோடு "இன்னும் ஒரு கடிதம் வேண்டும்" என்பார். கேக் வெட்டும்போது தூருன் என் காதருகே குனிந்து, "இது வெளிவந்தால் உன் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லிக் கேட்பது சுலபம்" என்றிருந்தார்.

கயலைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது அவள் என் முகத்தையே பார்த்தாள். "அம்மா, என்ன யோசிக்கிறியள்?" என்றாள். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஐந்து வயதில் பதுளைத் தமிழோடு வந்த பிள்ளை, பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறது. அதுவும் சனிக்கிழமை மட்டும். போனில் அவள் குரலைக் கேட்டால் அம்மா, "என்னாடி, புள்ள வாத்தியாரம்மா மாதிரி பேசுது?" என்பாள். ஒன்றும் இல்லை என்று கயலுக்குச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு நோர்வேஜிய மொழியில், "பொய் சொல்லும்போது நீ ஜன்னலைப் பார்க்கிறாய்" என்றாள்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவைக் கூப்பிட்டேன். வேறு யாரிடம் சொல்வது? சிவாவின் கப்பலுக்கு அழைப்பு கிடைக்கவில்லை. அம்மா இப்போது தோட்ட வேலைக்குப் பெயர் போடுவதில்லை, ஓய்வு பெற்று அதே லயத்தில் இருக்கிறாள்.

"அம்மா, மடுவத்துக்குப் போற வழியில சின்னம்மா சாக்குல கொழுந்து அள்ளிப் போடுவியே, ஞாபகம் இருக்கா?"

"அத எதுக்கு இப்ப கேக்குற?"

நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குப் புரிய வேண்டுமே என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள் சிரித்தாள்.

"நாலு கொறஞ்சுச்சு, நாலு போட்ட. கொழுந்து கொழுந்துதானடி? இதுக்குப் போயி சோறு எறங்காம கெடக்குறியா?"

"அது வேற கடல்மா."

"தண்ணி எல்லாம் ஒண்ணாத்தானே கெடக்கு."

"பாக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள வேற. இப்ப அந்தம்மா அத நம்பிக்கிட்டு ஊரறியச் சொல்லப் போறாங்க."

அம்மாவின் குரல் தாழ்ந்தது. காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் தோட்டத்துரை வரும்போது பேசுகிற குரல் அது. "இந்தா பாரு. நீயாப் போயி தொரசாணிகிட்ட வாயத் தொறக்காத. கேட்டா அப்ப பாத்துக்கலாம். ஒனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. வேல போச்சுன்னா மூணு பேரும் எங்க போவீங்க? இங்கயா வரப் போறீங்க?"

"வந்தா என்னா?"

"வந்து? கயலு லயத்துல இருக்குமா?"

போனை வைத்த பிறகு அம்மா சொன்னதுதான் சரி என்று ஒரு முழு மணி நேரம் நம்பினேன். யாரும் அந்தக் கோப்பில் போய்ப் படங்களை எண்ணப் போவதில்லை. அதிலும் நாலு படத்தைப் பதினெட்டில் இருந்து நகலெடுத்துப் பதினேழில் வைக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த எண்ணம் வந்ததும் எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

5

திங்கட்கிழமை தூருனின் அறை வாசல்வரை மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் போனில் இருந்தார். இரண்டாம் தடவை ஆள் இல்லை. மூன்றாம் தடவை அவர் மட்டும்தான் இருந்தார், கதவும் திறந்திருந்தது. "என்ன செல்வி?" என்றார். கூட்டத்துக்கு நல்லபடியாகப் போய் வரச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் வருடம் முழுக்க நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே சமாளித்தேன். இப்போது பெயர் சொல்கிறேன். பயம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

புதன்கிழமை காலை அவருக்கு விமானம். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"பதினேழு புதிய கிளை இல்லை" என்றேன். "அது இரண்டு கடல். நான்தான் கலந்தேன்."

அவர் பேனாவை மூடினார். "என்ன சொல்கிறாய்?"

"வடக்கில் ஆறுதான் கிடைத்தது. தெற்குக் கிண்ணத்தில் இருந்து நாலு எடுத்துப் போட்டேன். பத்து என்று எழுதினேன். தரவில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு வரி இருக்கிறது, ஆறுக்கு நாலு. பார்த்துவிட்டேன்."

"ஏன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மடுவத்தைப் பற்றிச் சொன்னேன். சாக்கு, வளைவு, மூன்று கை கொழுந்து, தராசு. நோர்வேஜிய மொழியில் சொல்லும்போது அது திருட்டுப்போல இருந்தது. ஆங்கிலத்துக்கு மாறினேன், அதிலும் அப்படித்தான் இருந்தது. அவர் மூடிய பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"இப்படி எத்தனை குழாய்?"

"ஒன்று."

"நிச்சயமாகவா?"

நிச்சயம் என்று வாய் வரை வந்தது. தானாகப் போன கை எத்தனை தடவை போனதோ, எனக்கு எப்படித் தெரியும்? "தெரியவில்லை" என்றேன். அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். அறுபத்து நாலு குழாய். ஒவ்வொன்றின் கோப்பையும் திறந்து படங்களை எண்ணினோம். அவர் மனதுக்குள் எண்ண, நான் தமிழில் முணுமுணுத்தேன். பத்து, பத்து, பத்து. நாற்பத்தொன்றாம் குழாயில் ஒன்பது வந்தபோது நான் செத்தேன் என்றே நினைத்தேன். பத்தாவது படம் வேறு பெயரில் கீழே கிடந்தது. மூன்று மணி நேரம் ஆனது. பதினேழில் மட்டும் ஆறு.

தூருன் கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். பிறகு, வியாழக்கிழமை கூட்டத்தில் காட்டப்போகும் கோப்பைத் திறந்து, நடுக்கிளை இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தார். அவர் தேடிய வருடங்கள் என் கண்ணெதிரே போயின. எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"ஆறு என்று எழுதியிருந்தால்," என்றார் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஆறுக்கு ஏற்ற மாதிரி நான் ஏதாவது செய்திருப்பேன். குறைவது தெரிந்தால்தானே ஏதாவது செய்ய முடியும்?"

ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இதை எழுதுகிற இன்று வரை நீட்டிப்புக் கடிதம் வரவில்லை.

6

அன்று மாலை நான் அழைக்கும் முன்பே அம்மா அழைத்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா."

"வேல?"

"தெரியல."

நன்றாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "என்னா சொன்னா தொரசாணி?" என்று மட்டும் கேட்டாள்.

"கொறையுதுன்னு தெரிஞ்சிருந்தா ஏதாவது செஞ்சிருப்பேன்னு சொன்னாங்க."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, "அம்மா, அம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"ஒங்க சின்னம்மா திடீர்னு சாகல" என்றாள்.

போனை இன்னும் நெருக்கிக் காதில் வைத்தேன்.

"நாலு மாசமா அவளால பறிக்க முடியல. கை ஓயுதுக்கா, மூச்சு வாங்குதும்பா. அரைச் சாக்குதான் பறிப்பா. மிச்சம் எல்லாம் என் கொழுந்து. கொறஞ்சா கங்காணி என்னா ஏதுன்னு கேப்பாரு. கேட்டாருன்னா டிஸ்பென்சரிக்குத் துண்டு எழுதிக் குடுப்பாரு. நான்தான் கொறய விடலயே. தராசுல தெனம் அவளுக்கு நெறஞ்சுதான் இருந்துச்சு. பதுளைக்குத் தூக்கிட்டுப் போனப்ப டாக்டரு கேட்டாரு, இவ்வளவு நாளா இந்தம்மாவ யாருமே கவனிக்கலியான்னு. யாருக்கும் தெரியாதுங்க ஐயான்னு சொன்னேன். எனக்குத் தெரியும்டி."

"அம்மா, நீ நல்லதுக்குத்தானே..."

"தெரியும். அத நீ சொல்லாத." மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "ஒங்க அப்பாகிட்டகூட நான் சொன்னதில்ல. நீ போயி சொல்லிட்டியே, அதான். வையி, அடுப்புல சோறு இருக்கு."

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வளைவில் நின்று அந்தக் கைகளை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். முதலில் இரண்டு கை, பிறகு மூன்று, பிறகு அஞ்சு, ஆறு. கூடிக்கொண்டே போனதை எண்ணவும் தெரிந்தது, சத்தமாகச் சொல்லவும் தெரிந்தது. "இன்னைக்கு ஏழு கை!" என்று ஒரு நாள் கத்தியதும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் வாயைப் பொத்தியதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மறுநாள் வடக்குக் கடலின் மிச்சப் போத்தலைத் திறந்து, பதினேழுக்காகத் திரும்பவும் பொறுக்கினேன். பகல் முழுவதும் தேடியும் உடையாமல் கிடைத்தவை ஐந்துதான். பதிவேட்டில் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 5 என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருடமும் நான் அதைக் காலியாகவே விட்டுவந்திருக்கிறேன். அதில், தூரத்தில் இருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பெரிதாக, போதவில்லை என்று எழுதினேன்.